சின்னக்கா போட்ட உத்தரவு

ஸ்டெல்லா மோத்தா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது இஞ்ஞாசி கொரேராவின் மனதில் முதலில் தோன்றியது அந்தத் தலைவர் நாற்காலி. மறுநொடியே தன்னைக் கடிந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினார், டாக்டரிடம் விசாரித்தார், ஸ்டெல்லாவின் கணவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். ஆனாலும் முதலில் தோன்றியது நாற்காலிதான் என்பது அவருக்குத் தெரியும்.

முத்துத்திட்டு தன்னாட்சிப் பகுதி உருவாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் ஏறி வந்து பழைய கரையூர்களை விழுங்கியபின், மணலும் பாறையும் கொட்டி எழுப்பிய ஒன்பது திட்டுகளில் அந்த ஊர்க்காரர்கள் குடியேறினார்கள். பாதுகாப்பு, நாணயம், வெளிநாட்டு உறவு ஆகியவற்றை மத்திய அரசு வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டுக்காரர்களிடமே விட்டது. குடிநீரைப் பங்கிடுவதிலிருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன்பிடி, உள்ளூர்க் காவல்வரை ஐந்து பேர் கொண்ட ஆட்சிக்குழுவின் பொறுப்பு. பேரவை சட்டம் இயற்றும். அதற்கு விதி எழுதி நடைமுறைப்படுத்துவதும், அதிகாரிகளை நியமிப்பதும், அடுத்த மசோதாவைத் தயாரிப்பதும் ஆட்சிக்குழு. யார் திட்டில் நிலைத்து வாழலாம், யார் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வதும் அந்த ஐந்து பேர்தான். அந்த உரிமைக்குத் திட்டுரிமை என்று பெயர்.

ஸ்டெல்லா அந்தக் குழுவின் தலைவர். இஞ்ஞாசி பதினோரு ஆண்டுகளாகத் துணைத்தலைவர்.

விதிகளில் பாதிக்குமேல் இஞ்ஞாசி எழுதியவை. எந்தத் தகராறுக்கு எந்தப் பிரிவின்கீழ் உத்தரவு போடலாம் என்று தேடிக் கொடுப்பது அவர். மேடையேறி அதை அறிவிப்பது ஸ்டெல்லா. ஜனங்கள் ஸ்டெல்லாவை அக்கா என்றார்கள், இவரை சார் என்றார்கள். மீன் ஏலக்கூடத்தில் இருவரும் சேர்ந்து நடந்தால் பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஒதுங்கியதில் மரியாதை இருந்தது. அந்த மரியாதை அவருக்கு முள்ளாகக் குத்தியது. குழுவில் தன் பேச்சு எடுபடாதபோது அவர் மாற்றுக்கருத்து எழுதிக் கோப்பில் சேர்ப்பார். பார்த்துப் பார்த்து எழுதுவார். ஸ்டெல்லா அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தலைவரால் இயலாதபோது துணைத்தலைவர் பொறுப்பேற்பார் என்பது பழைய விதி. ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் பேரவை ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தது. தலைவர் விரும்பினால் தன் வேலைக்குச் செயல்பதிலி ஒன்றை நியமித்துவிட்டுப் போகலாம். ஆள் அல்ல, இயந்திரம். ஸ்டெல்லா அப்படி நியமித்திருக்கிறார் என்பதே இஞ்ஞாசிக்கு அவர் விழுந்த மறுநாள் காலைதான் தெரிந்தது. அதைச் சொல்ல வந்தவள் ஷெரின் என்ற இளம் பொறியாளர்.

அது எப்படி வேலை செய்யும் என்று அவர் கேட்டார்.

“அக்கா இத்தன வருசமா போட்ட உத்தரவு, கோப்புல எழுதுன குறிப்பு, கூட்டத்துல பேசுனது எல்லாத்தையும் அது படிச்சிருக்கு சார். அக்கா எழுதிட்டு அழிச்சதக்கூட படிச்சிருக்கு. ஒரு மனு வந்தா, அக்கா நல்லா யோசிச்சு, அவசரமில்லாம முடிவெடுத்தா என்ன சொல்லுவாங்களோ அதச் சொல்லும்.”

“அவிய நல்லா யோசிக்காம முடிவெடுத்த நாளு?”

“அத அதுவே ஒதுக்கிரும் சார்,” என்றாள் ஷெரின்.

பதிலிக்குக் காலவரம்பு நூற்றெண்பது நாள். அதுவரை தலைவர் நாற்காலியின் முன்னே மேசைமேல் ஒரு சிறிய திரையும் ஒலிபெருக்கியும். முதல் நாள் அது “வணக்கம் இஞ்ஞாசி” என்றபோது அவர் திடுக்கிட்டார். ஸ்டெல்லாவின் குரல், ஸ்டெல்லா கூப்பிடும் விதம். பேச்சுக்கு நடுவே வரும் ஸ்டெல்லாவின் இருமல் மட்டும் இல்லை.

இரண்டு வாரம் ஜனங்கள் தயங்கினார்கள். மூன்றாம் வாரம் வரிசை நிற்க ஆரம்பித்தது. ஸ்டெல்லாவைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் மனுக்கள் ஒரே நாளில் முடிந்தன. ஏழாம் திட்டின் தண்ணீர்க் குழாய்த் தகராறு தீர்ந்தது. காலியாகக் கிடந்த ஆசிரியர் இடங்கள் நிரம்பின. அது எரிந்து விழவில்லை, பெயர்களை மறக்கவில்லை, வந்தவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டது. அதற்கு ஜனங்களே சின்னக்கா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் காதில் விழுந்த அன்று வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மூன்று வாரத்தில் அதற்கு ஒரு முறைப்பெயர் கிடைத்துவிட்டது, பதினோரு வருடமாகத் தனக்குக் கிடைக்கவில்லை என்று மனைவி பிலோமினாவிடம் பொருமினார். பிலோமினா மீனை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத்தன நாளும் அந்தம்மா மேல எரிச்சப்பட்டீய. இப்பம் மெசின் மேலயும் படுதீய,” என்றாள். “அதுக்கு ஒங்கள உண்டு இல்லன்னே தெரியாது.”

அதுதான் அவரைச் சுட்டது.

இந்த நேரத்தில் வந்ததுதான் சண்முகவடிவின் மனு. வடிவு கரையிலிருந்து வந்த நர்சு. திட்டு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் வேலை. கடலடிக் குழாய்களைப் பழுது பார்க்கும் அருளப்பனைக் கல்யாணம் செய்து மூன்று ஆண்டுகள் ஆன நிலையில், குழாய் வெடிப்பு ஒன்றை அடைக்கப் போன அருளப்பன் பிணமாகத்தான் மேலே வந்தான். இரண்டு வயதில் எமிலி என்று ஒரு மகள். கல்யாணமாகி ஐந்தாண்டு முடிந்தால்தான் வெளியிலிருந்து வந்தவருக்குத் திட்டுரிமை. துணை இறந்துவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். குழந்தைக்குத் தகப்பன் வழியில் உரிமை உண்டு, தாய்க்கு இல்லை. மனிதாபிமானக் காரணம் இருந்தால் காலவரம்பைத் தளர்த்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஸ்டெல்லா அந்தப் பிரிவை லேசில் தொடமாட்டார்.

சின்னக்கா இரண்டு மணி நேரத்தில் உத்தரவு போட்டது. சண்முகவடிவு திட்டிலேயே வாழலாம்.

ஆஸ்பத்திரியில் மிட்டாய் கொடுத்தார்கள். ஏலக்கூடத்தில் ஒரு கிழவி, அக்காவுக்குச் சட்டம் தெரியும், சின்னக்காவுக்கு மனசும் தெரியும் என்று இஞ்ஞாசியின் காதுபடச் சொன்னாள். அவர் அலுவலகம் போய் உத்தரவை எடுத்தார். முதல் பக்கத்தில் மனுவின் விவரமும், எந்தப் பிரிவின்கீழ் உத்தரவு என்பதும் இருந்தன. பிரிவு எண்ணைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பிரிவை எழுதியவரே அவர்தான். தளர்த்தும் அதிகாரத்தை அவர் ஆட்சிக்குழுவுக்குக் கொடுத்திருந்தார், தலைவருக்குத் தனியாகக் கொடுக்கவில்லை. அவசரத்துக்கு ஸ்டெல்லா தனியாகக் கையெழுத்திட்டு, பிறகு குழுவில் ஒப்புதல் வாங்குவது வழக்கமாகியிருந்தது. அந்த வழக்கம் ஸ்டெல்லா என்ற மனுசி மேலிருந்த நம்பிக்கை. இயந்திரத்துக்கு அது செல்லுமா? செல்லாது. காகிதத்தை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தார்.

ஆட்சிக்குழுக் கட்டடத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டி, மத்திய அரசின் ஆணையர் அலுவலகம். திட்டுக்காரர்கள் தங்கள் எல்லையை மீறிச் சட்டம் போடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே ஆணையரின் வேலை. பத்தொன்பது ஆண்டுகளில் குழு உறுப்பினர் ஒருவரும் அந்தத் தெருவைத் தாண்டிப் போய் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டால் அது பழக்கமாகிவிடும் என்று இளம் உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே இஞ்ஞாசி. அன்று மத்தியானம் அவர் தெருவைத் தாண்டினார்.

ஆணையர் அவரை மிக அன்பாக வரவேற்றார். செயல்பதிலி விருப்புரிமை அதிகாரங்களைச் செலுத்துவது ஐயத்துக்குரியது என்று ஒரு கடிதம் தந்தார். கடிதத்தின் கடைசியில், இனி திட்டுரிமை உத்தரவுகளின் நகல்களைத் தம் அலுவலகத்துக்கும் அனுப்பினால் நல்லது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார். இஞ்ஞாசி அந்த வாக்கியத்தைப் பார்த்தார். அதன் பொருள் அவருக்குத் தெரியாமலில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் வடிவு அவர் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை, இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பையில் பனங்கிழங்கு. வாசலிலேயே கும்பிட்டு, “சார், நான் வந்து...” என்று ஆரம்பித்தாள். விசயம் வெளியே கசிந்துவிட்டது, கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தார் இஞ்ஞாசி. குழுவின் முன்னால் இருக்கும் விசயம் பற்றி வீட்டில் பேசுவது முறையில்லை, போய் வாம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவள் பனங்கிழங்கைப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிலோமினா அதை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கூட்டத்தில் இஞ்ஞாசி நிறுத்தி நிதானமாகப் பேசினார். உத்தரவு அதிகார வரம்புக்கு வெளியே போடப்பட்டது, செல்லாது என்று அறிவிக்க வேண்டும். பதிலி இனி ஆலோசனை மட்டும் சொல்லட்டும், தலைவர் பொறுப்பைத் துணைத்தலைவர் ஏற்கட்டும் என்றார். ஆணையரின் கடிதத்தை மேசைமேல் வைத்தார். துறைமுகத்துக்குப் பொறுப்பான தஸ்நேவிஸ் கடிதத்தைப் பார்த்து முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான மெர்சி மட்டும் அவரை விநோதமாகப் பார்த்தாள். “அண்ணாச்சி, நெசமாவே ஒங்களுக்கு இது சம்மதந்தானா? நீங்களா இதச் சொல்லுதீய?”

குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார் அவர். சட்டம்தான் பேசுகிறது, நான் பேசவில்லை என்றார்.

சின்னக்கா தன் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியில் தான் வாக்களிப்பது சரியல்ல என்று விலகிக்கொண்டது. மீதி நான்கு பேர். தஸ்நேவிஸும் இஞ்ஞாசியும் ஒரு பக்கம், மெர்சியும் நீர்வள உறுப்பினரும் மறுபக்கம். சரிசமம். அப்படி வந்தால் தலைமை வகிப்பவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. தலைமை வகித்தவர் இஞ்ஞாசி. கையைத் தூக்கினார்.

மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கை வைக்கும் இடத்தில் துணி தேய்ந்திருந்தது. முதல் நாள் பதினாறு பேர் மனுவோடு வந்தார்கள். ஒன்பது பேர் திரையைப் பார்த்து, “சின்னக்கா பேசாதா?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விட்டார்கள். அவர் உண்மையில் நன்றாகவே வேலை செய்தார். எல்லாக் கோப்பையும் வாசித்தார், யாரையும் காக்க வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு உத்தரவிலும் கையெழுத்திடும்போது, இதையே அது போட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. திரையை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். பொறாமை என்று ஊர் சொல்லும் என்று பயந்து விட்டுவிட்டார்.

கெடு முடிந்த முப்பதாம் நாள் வடிவு கரைக்கு லாஞ்சு ஏறினாள். குழந்தையையும் எடுத்துப் போனாள். ஏழாண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் குழந்தையின் உரிமையும் போய்விடும். டயாலிசிஸ் பிரிவில் ஒரே நர்சுதான் மிச்சம். அன்றாடம் நடந்த மூன்றாம் ஷிப்டை மூடினார்கள். பதினொரு நோயாளிகள் வாரத்துக்கு மூன்று நாள் விடிகாலையில் கடல் தாண்டிக் கரைக்குப் போக ஆரம்பித்தார்கள். இந்த விவரம் மெர்சியின் குறிப்பாக அவர் மேசைக்கு வந்தது. குறிப்பில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை.

அன்று மத்தியானம் அறையில் யாரும் இல்லாதபோது அவர் திரையைப் பார்த்துப் பேசினார். ஸ்டெல்லா இப்படிப்பட்ட மனுக்களை நிராகரித்தவர். நீ ஸ்டெல்லாவின் சாயல். பின்னே எப்படி அனுமதி கொடுத்தாய் என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வெற்றி அவருக்கே கேட்டது. ஸ்டெல்லா மாதிரி நடிக்கிறாய், ஆனால் நீ ஸ்டெல்லா இல்லை என்று நிரூபித்துவிட்ட வெற்றி.

“இந்தக் கேள்விய நீ கூட்டத்துக்கு முன்னாடியே கேப்பன்னு நெனச்சேன் இஞ்ஞாசி,” என்றது அந்தக் குரல். “காரணம் ரெண்டாம் பக்கத்துல இருக்கே.”

“எந்த ரெண்டாம் பக்கம்?”

“உத்தரவோட ரெண்டாம் பக்கம்.”

கோப்பை வரவழைத்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். அவர் அதுவரை திருப்பாத பக்கம்.

‘ஒன்பதாண்டுகளுக்கு முன், கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்த ஒரு விதவையின் மனு நிராகரிக்கப்பட்டபோது, துணைத்தலைவர் திரு. இஞ்ஞாசி கொரேரா பதிவு செய்த மாற்றுக்கருத்தை இந்த உத்தரவு ஏற்கிறது. அவர் எழுதியது: இறந்தவன் திட்டுக்காக உழைத்து இறந்தான். மீதி ஆண்டுகளை அவன் வாழ்ந்து முடிக்காததை அவன் மனைவியின் குறையாகக் கணக்கிடும் விதி நீதியாகாது. திரு. கொரேராவின் கருத்தே சரியானது. அன்றே ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.’

கருவாட்டுக் கொட்டகைப் பெண்ணின் முகம் அவருக்கு நினைவில்லை. அந்த வாக்கியங்களை எழுதிய நாள் நினைவிருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்று எரிச்சலோடு எழுதினார். இப்போது மெர்சியின் கேள்வி புரிந்தது. பனங்கிழங்கும் புரிந்தது. கெஞ்சுவதற்கு அவள் வரவில்லை. உத்தரவை முழுக்கப் படித்துவிட்டு, அதில் பெயர் இருந்த மனிதருக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள்.

“ஸ்டெல்லா இதப் படிச்சாவளா?” என்று கேட்டார்.

“ஒன்னோட மாற்றுக்கருத்து நாப்பத்திரெண்டையும் படிச்சிருக்காங்க. சிலத நாலஞ்சு தடவ தெறந்திருக்காங்க. ஓரத்துல குறிப்பு எழுதி அழிச்சிருக்காங்க.”

“என்ன குறிப்பு?”

“அது அவங்க சொல்ல வேண்டியது. நீ அவங்கள்ட்ட கேளு.”

ஸ்டெல்லா இரண்டாம் திட்டில் தன் வீட்டில் இருந்தார். பேச்சு பாதிக்குமேல் திரும்பியிருந்தது, வலது கை இன்னும் எழும்பவில்லை. இஞ்ஞாசி பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரண்டு வகுப்பு இளையவர். ஆட்சிக்குழு ஆனபின் வேலை இல்லாமல் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். தெருவைத் தாண்டியதையும் சொன்னார். ஸ்டெல்லாவின் முகம் அந்த இடத்தில்தான் இறுகியது.

பிறகு இஞ்ஞாசி, ஓரக்குறிப்புகளில் என்ன எழுதி அழித்தீர்கள் என்று கேட்டார்.

ஸ்டெல்லா ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பவரைப் போல மெதுவாகச் சொன்னார். “எனக்குப் பேச வரும் இஞ்ஞாசி. எழுத வராது. நீ எழுதுறதப் படிச்சா... எனக்கு வயிறு எரியும். இவன் சொல்லுதது சரின்னு எழுதுவேன். ஒடனே அழிச்சிருவேன். சரின்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டா, ஜனங்க ஒன் பின்னாடி போயிருவாங்கன்னு பயம்.”

“என் பின்னாடியா?” என்றார் இஞ்ஞாசி. அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அந்தக் கருவாட்டுக் கொட்டகப் பொண்ணு... நான் அவள அனுப்பினது சட்டத்துக்காக இல்ல. நீ அவளுக்காக எழுதினதாலதான் அனுப்பினேன்,” என்றார் ஸ்டெல்லா. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த மெசினுக்கு நம்ம எரிச்சல் ஒண்ணும் இல்ல. அதனால ஒன் பேரச் சொல்லிருச்சு.”

அந்த வீட்டை விட்டு இறங்கும்போது இஞ்ஞாசிக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பதினோரு வருடமாக எந்தக் கையை எதிர்பார்த்தாரோ அது தன் பக்கம் நீண்டு நீண்டு மடங்கியிருக்கிறது. அதற்கு நடுவில் முகம் தெரியாத ஒருத்தியும், பிறகு வடிவும் நசுங்கியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இஞ்ஞாசி வடிவின் மனுவை முறைப்படி குழுவின் முன் வைத்தார். நான்கு வாக்கும் ஆதரவாக விழுந்தன. உத்தரவைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி விடிகாலை லாஞ்சில் ஏறினார். அதே லாஞ்சில் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது. அவருக்கு எதிரே ஒரு நடுவயது மீன்காரர் பிளாஸ்டிக் பைக்குள் வாந்தி எடுத்துவிட்டு, இவரைப் பார்த்ததும் அந்த நிலையிலும் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். இஞ்ஞாசி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கரை வரும்வரை அந்தப் பையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

வடிவு கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவை இரண்டு பக்கமும் படித்தாள். இங்கே அவர் கையெழுத்துக்கு ஒரு அதிகாரமும் இல்லை. ஒரு நடுவயது ஆள், ஒரு காகிதம், அவ்வளவுதான்.

“மொதல்ல என்ன மாதிரி ஒருத்திக்காக எழுதினதும், அப்புறம் என்ன அனுப்பினதும் ஒரே ஆளா சார்?” என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஒரே ஆளுதாம்மா.”

“ஏன் சார்?”

அவர் அதிகார வரம்பு என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் திரும்பி வரவில்லை. போ என்றால் போய், வா என்றால் வந்து, மறுபடியும் போ என்றால் என்ன செய்வது, எமிலி வளர்கிறாள் என்றாள். குழந்தையின் உரிமை மட்டும் எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று சொல்லி, அதைக் குழுவில் நிறைவேற்றியும் கொடுத்தார். அதற்கான விதியை அவரே எழுதினார். மூடிய மூன்றாம் ஷிப்டு எட்டு மாதம் கழித்துத்தான் திறந்தது. ஆணையர் கடிதத்தின் கடைசி வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு திட்டுரிமை உத்தரவின் நகலும் இன்றைக்கும் தெருவைத் தாண்டிப் போகிறது. அதை நிறுத்த நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டார்கள்.

ஐந்து மாதத்தில் ஸ்டெல்லா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜனங்கள் மறுபடியும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், இடது கையை. இஞ்ஞாசிக்கு அதைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ இன்னும் சுருக்கென்றது. இனி சுருக்கென்னாது என்று அவர் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கூட்டத்தில் ஸ்டெல்லா, இது இஞ்ஞாசி எழுதியது என்று சொல்லிவிட்டுத்தான் படிக்கிறார். சொல்லும்போது அவர் வாய் ஒரு கணம் கோணுவது பக்கவாதத்தால் மட்டும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஆண்டு முடிவில் பேரவை, ஐந்து உறுப்பினருக்கும் பதிலி தயாராக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஷெரின் இஞ்ஞாசியின் அறைக்கு வந்தாள். அவர் கோப்புகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டன, பத்து கோப்புவரை வேண்டாம் என்று நீக்கச் சட்டம் அனுமதிக்கிறது, எல்லாரும் நீக்குகிறார்கள் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, வடிவின் உத்தரவைச் செல்லாதாக்கிய கோப்பை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றார். அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னார். முடிவுக்கான காரணம் என்ற இடத்தில், அதிகார வரம்பு மீறல் என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எப்போதும் பார்த்துப் பார்த்து எழுதுகிறவர் அன்று ஒரே மூச்சில் எழுதினார்.

‘மேலே உள்ளது சட்டம். காரணம் அது இல்லை. ஸ்டெல்லா மோத்தாவின் மீதும் அவருடைய சாயலின் மீதும் எனக்கிருந்த பொறாமையால் என் வாக்கை இப்படி அளித்தேன். உத்தரவின் இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை.’

பெயரும் தேதியும் போட்டார். ஷெரின் குனிந்து அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“இத ஒங்க பதிலி எப்படி எடுத்துக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல சார்,” என்றாள். “இத்தன வருசத்துக் கோப்புல எங்கயும் இப்படி ஒரு காரணத்த அது பாத்ததே இல்ல.”